ஆலை மூடிய நிலத்தில் எடுத்த எடுப்பில் மரம் நடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூடிக்கிடக்கும் ஆலை நிலங்களைப் பூங்காவாக்கலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த படம். கண்ணைப் பறிக்கும் பச்சையில் புல்வெளி, பலூனோடு ஓடும் குழந்தை, சைக்கிளில் ஒரு பெண், ஓரத்தில் நினைவுக்காக விட்டுவைத்த ஒற்றைப் புகைபோக்கி. நானும் அந்தப் படங்களை ஆசையாகத்தான் பார்க்கிறேன், பூங்கா வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா. ஆனால் அவற்றில் எப்போதும் விட்டுப்போகும் ஒன்று உண்டு, புல்லுக்குக் கீழே இருக்கும் மண். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணைத் தோண்டியெடுத்துப் பரிசோதிப்பதுதான் பல வருஷம் என் பிழைப்பு. ஒருமுறை, மூடிய ஆலை ஒன்றின் நிலத்தில் சோதனைக்கு மண்ணெடுக்க எங்கெங்கே போர் போடலாம் என்று வரைபடத்தை விரித்துவைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் ஒரு மூலை 'காலியிடம்' என்று இருந்தது, அதனால் அதை விட்டுவிட்டோம். அந்த ஆலையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர், "தம்பி, அங்கதானே எல்லாத்தையும் கொட்டுவோம்" என்று சொல்லிவிட்டு, செருப்புக் காலால் தரையில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். அந்தக் கோட்டின் மேலேயே போர் போட்டோம். இரண்டு மீட்டர் ஆழத்தில் தார் வாடை மூக்கில் ஏறியது. அறிக்கையில் எழுதிக் கொடுத்தோம். திறப்பு விழாவுக்குத் தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டது, அறிக்கை கோப்போடு கோப்பாகப் போனது. அந்த மூலையில் புதுமண்ணை மெலிதாகப் பரப்பி ஊஞ்சல் போட்டார்கள். யார், எங்கே என்று எழுதப்போவதில்லை.

அதற்கப்புறம், வெற்றி பெற்றதாகப் பேசப்படும் பூங்காக்களைப் பற்றித் தேடித்தேடிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. படித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். அங்கே முன்பு என்ன நடந்தது என்பதை அந்தப் பூங்காக்கள் மறைக்கவில்லை. இரும்பையும் மறைக்கவில்லை, விஷத்தையும் மறைக்கவில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் யூனியன் ஏரிக்கரையில் கேஸ் வொர்க்ஸ் பூங்கா இருக்கிறது. 1906-இல் தொடங்கி 1956 வரை அங்கே நிலக்கரியிலிருந்தும் பின்னால் எண்ணெயிலிருந்தும் எரிவாயு தயாரித்தார்கள். குழாய் வழியாக இயற்கை எரிவாயு வந்ததும் ஆலைக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1962-இல் நகராட்சி நிலத்தை வாங்கியது. எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டுப் புல் போடுவார்கள் என்றுதான் ஊரே நினைத்தது. ரிச்சர்ட் ஹாக் என்ற நிலவடிவமைப்பாளர் ஆலைக்குள் இருந்த பழைய கொல்லன் பட்டறையிலேயே தன் அலுவலகத்தைப் போட்டுக்கொண்டு, இந்தத் துருப்பிடித்த கோபுரங்கள் நிற்கட்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாதாடினார். 1975-இல் பூங்கா திறந்தது. கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன, இயந்திரக் கூடம் ஒன்றுக்குள் பழைய எந்திரங்களுக்குப் பெயின்ட் அடித்துக் குழந்தைகள் விளையாட விட்டிருக்கிறார்கள், இடிபாடுகளைக் குவித்து மேலே மண் போட்டு உண்டாக்கிய மேட்டில் ஏறிப் பட்டம் விடுகிறார்கள்.

இதுவரை சொன்னது சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்கும். எனக்கு முக்கியமானது மண்ணை அவர் கையாண்ட விதம். எரிவாயு ஆலை மண் என்றால் கரித்தார், பென்சீன், நிலக்கரி எரியும்போது உண்டாகும் புற்றுநோய் தரக்கூடிய கரிமச் சேர்மங்கள் என்று எல்லாம் கலந்த சாந்து. அத்தனையையும் அள்ளி இன்னொரு ஊரில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பதிலாக, ஹாக் அதில் சாக்கடைக் கசடையும் மரத்தூளையும் கலந்து உழச் சொன்னார். அந்த எருவில் பெருகும் நுண்ணுயிர்கள் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்றுவிடும் என்பது கணக்கு. அந்தக் காலத்தில் இப்படிச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். முழுசாகத் தின்றுவிட்டதா? இல்லை. 1984-இல் மறுபடி சோதித்தபோது மாசு தெரிந்தது, பூங்காவைக் கொஞ்ச காலம் மூடினார்கள், மேலே புதிய மண்ணைப் போட்டார்கள், பிறகும் நிலத்துக்குள் காற்றைச் செலுத்திப் பென்சீனை வெளியேற்றும் வேலை நடந்தது. ஏரிக்குள் இறங்க அங்கே இன்றும் தடை, ஏனென்றால் அடிச்சேற்றில் பழைய பாவம் படிந்து கிடக்கிறது. பூங்கா திறந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, மண் வேலை இன்னும் முடிந்தபாடில்லை!

இதைத் தோல்வி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோதித்தார்கள், தெரிந்ததைச் சொன்னார்கள், வாசலைப் பூட்டினார்கள், சரிசெய்தார்கள், திறந்தார்கள். நான் பார்த்த ஊஞ்சல் மூலையில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

சரி, மண்ணை என்னதான் செய்வது? மாசு கண்டால் அத்தனையையும் தோண்டியெடுத்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சில இடத்தில் அது தேவைதான். ஆனால் எங்கள் தொழிலில் வேறு மாதிரி யோசிப்போம். விஷம் இருக்கிறது, அது வெளியே வருவதற்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழியின் முனையில் ஓர் ஆள் இருக்கிறார். இந்த மூன்றில் ஒன்றை அறுத்துவிட்டால் ஆபத்து அறுந்துவிடும். அதனால்தான் மாசுள்ள மண்ணை அங்கேயே விட்டு, மேலே பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணிப்படலம் விரித்து, அதன்மேல் சுத்தமான மண்ணைக் கனமாகப் போடுகிறார்கள். அந்த நிறம் அழகுக்காக இல்லை. நாளைக்கு யாராவது குழாய் புதைக்கக் குழி வெட்டும்போது அது கண்ணில் பட்டால் 'இதற்குக் கீழே போகாதே' என்று அர்த்தம்.

இங்கேதான் பூங்காவின் தலைவலிகள் ஆரம்பிக்கின்றன. மரத்துக்கு இதெல்லாம் தெரியாது, அதன் வேர் அந்தத் துணியில் ஓட்டை தேடும். புயலில் ஒரு பெரிய மரம் சாய்ந்தால் வேரோடு கீழ்மண்ணையும் அள்ளிக்கொண்டு மேலே வரும், மூடிவைத்த அத்தனையும் ஒரே ராத்திரியில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஆகவே எந்த மரம், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய குழியில் என்பதை முதலில் மண்காரர் சொல்ல வேண்டும், தோட்டக்காரர் அப்புறம். மழைநீரும் அப்படித்தான். மழை நிலத்துக்குள் இறங்கட்டும் என்பது எல்லா இடத்துக்கும் நல்ல புத்தி, மாசுள்ள நிலத்துக்கு மட்டும் அது வினை. இறங்கும் நீர் விஷத்தையும் கூட்டிக்கொண்டு நிலத்தடி நீருக்குப் போய்விடும். அங்கே மழைநீரை அடியில் களிமண் பூசிய வாய்க்காலில் பிடித்து ஓட்ட வேண்டும். இன்னொன்று, சின்னக் குழந்தைகள் மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கும். மண்ணில் ஈயம் இருந்தால் அது நேரே உள்ளே போகும். எண்ணெய்ப் பிசுக்கையாவது நுண்ணுயிர் மெல்ல மெல்லத் தின்னும், ஈயத்தைத் தின்ன எந்த நுண்ணுயிரும் கிடையாது, நூறு வருஷம் கழித்தும் அது ஈயம்தான். ஆகவே சைக்கிள் பாதைக்குப் போதுமான சுத்தம் மணல் தொட்டிக்குப் போதாது, காய்கறிப் பாத்திக்கு நிச்சயம் போதாது.

செடிகளே சுத்தம் செய்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இப்போது பரவி வருகிறது. பாதி உண்மை. அமெரிக்காவின் புளோரிடாவில், மரத்துக்கு ரசாயனம் ஏற்றிப் பதப்படுத்திய பழைய இடம் ஒன்றில் ஒரு வகைப் பெரணிச் செடி ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்து வைப்பதை 2001-இல் அறிவித்தார்கள். அற்புதமான விஷயம்தான். ஆனால் உறிஞ்சியது எங்கே போயிற்று? இலையில் இருக்கிறது. அந்த இலையை அறுத்துத் தனியாக அப்புறப்படுத்த வேண்டும், அதுவும் பல வருஷம், அறுவடை அறுவடையாக. அறுக்காமல் விட்டால் இலை உதிர்ந்து பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லவ் கால்வாயை நினைத்துக்கொள்ளலாம். நியூயார்க் மாநிலத்தில், நயாகரா அருவி ஊரில், 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் ஒரு வெட்டிய கால்வாயில் ஏறக்குறைய 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து மண்ணால் மூடினார்கள். 1953-இல் அந்த நிலம் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்குக் கைமாறியது. கழிவு இருப்பது பத்திரத்திலேயே குறிப்பிடப்பட்டிருந்தது, ஆனால் பின்னால் சுற்றிலும் வீடு வாங்கிக் குடியேறிய குடும்பங்கள் அந்தப் பத்திரத்தை எங்கே பார்த்தார்கள்? பள்ளிக்கூடமும் வந்தது. 1978-இல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் உண்மையைச் சொன்னதாக ஆகிவிடாது, அந்த மண்ணை மிதிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

விஷத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். இரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு அதில்தான் ஆசை அதிகம்.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் டூயிஸ்பர்க் நகரின் வடக்கே பெரிய இரும்பாலை ஒன்று 1985-இல் மூடப்பட்டது. இடிக்கவே பெரும் செலவாகும், நிலமோ கெட்டுக்கிடக்கிறது, ஊரில் வேலையும் போய்விட்டது. அந்தப் பகுதி முழுவதையும் புதுப்பிக்க 1989 முதல் பத்து வருஷம் நடந்த திட்டத்தின் கீழ் பீட்டர் லாட்ஸ் என்பவரின் வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள், 1994-இல் பூங்கா திறந்தது. லாட்ஸ் செய்த பெரிய காரியம், பெரும்பாலும் எதையும் இடிக்காமல் விட்டதுதான். இரும்புத் தாதை உருக்கிய ஊதுலையின் மேல் ஏறி நின்று ஊரையே பார்க்கலாம். எரிவாயு சேமித்த பிரம்மாண்டமான உருளைக்குள் தண்ணீர் நிரப்பி முக்குளிப்புக்காரர்கள் பயிற்சி எடுக்கிறார்கள். தாதுப்பொருள் கொட்டி வைத்த காங்கிரீட் தொட்டிகளின் சுவரில் மலையேற்றச் சங்கத்தார் கயிறு கட்டி ஏறுகிறார்கள். வார்ப்புக்கூடத்தில் கிடந்த 49 இரும்புத் தகடுகளைத் தரையில் பரப்பி ஒரு சதுக்கம் ஆக்கியிருக்கிறார்கள், உருகிய இரும்பு அரித்த தழும்பு அந்தத் தகடுகளில் அப்படியே தெரியும். சாக்கடையாக ஓடிய பழைய எம்ஷர் ஆற்றின் தடத்தில் கழிவுநீரைக் குழாயில் புதைத்துவிட்டு, மேலே மழைநீர் ஓடும் வாய்க்கால் வைத்தார்கள். கடல்கடந்து வந்த தாதுவோடு வந்து சேர்ந்த அந்நிய விதைகள் முளைத்த செடிகளைக்கூடக் களை என்று பிடுங்கவில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது, ராத்திரியும் கதவு அடைப்பதில்லை.

அங்கே வேலை செய்த ஒருவர் தன் பேரனைக் கூட்டிக்கொண்டு போய் "இந்தப் படியில்தான் நான் ஏறி இறங்குவேன்" என்று காட்ட முடியும் அல்லவா. ஒற்றைப் புகைபோக்கியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் பூச்செடி வைத்த பூங்காவில் அதைச் செய்ய முடியாது. அது பல் பிடுங்கிய பாம்பு. இரும்பாலை மூடிய மெக்சிகோவின் மான்டெர்ரேயிலும் இந்தப் புத்தி வேலை செய்தது. 1986-இல் நொடித்துப்போன ஆலை இன்று ஃபுண்டிதோரா பூங்கா, ஊதுலை ஒன்று எஃகு அருங்காட்சியகமாக நிற்கிறது.

சீனாவின் சோங்ஷான் நகரில் ஒரு கப்பல் கட்டும் தளத்தைப் பூங்காவாக்கியபோது நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வரும். வெள்ளத்தடுப்பு விதிப்படி அங்கே ஆற்றை அகலப்படுத்தியாக வேண்டும், அகலப்படுத்தினால் கரையில் நின்ற பழைய ஆலமரங்கள் போய்விடும். வடிவமைத்த யூ கோங்ஜியான், மரங்களுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். வெள்ளத்துக்கு வழியும் ஆயிற்று, மரங்கள் தீவாகத் தப்பித்தன. துருப்பிடித்த தண்டவாளத்தையும் பாரந்தூக்கிகளையும் அவர் வைத்துக்கொண்டார். விதியை மீறவும் இல்லை, விதியைச் சாக்குச் சொல்லி வெட்டவும் இல்லை.

ஒன்றுமே செய்யாமல் விட்டதும் சில இடங்களில் கைகொடுத்திருக்கிறது. பெர்லினில் ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டு ஒன்று, நகரம் இரண்டாகப் பிரிந்து கிடந்ததால் 1952-இல் கைவிடப்பட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே மரங்கள் தாமாகவே வளர்ந்து காடாயின. பின்னால் அங்கே மறுபடி ரயில் யார்டு கட்டப் போனபோது அக்கம்பக்கத்து மக்கள் விடவில்லை. இன்று அது ஷோனெபெர்க் இயற்கைப் பூங்கா, தரையை மிதிக்காமல் நடக்க ஒரு பகுதியில் இரும்பு நடைபாலம் போட்டிருக்கிறார்கள். தோட்டக்கலைத் துறைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நியூயார்க்கின் ஹை லைனைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கேட்பார்கள். 1980-இல் கடைசியாக ஓடிய சரக்கு ரயிலுக்குப் பிறகு துருப்பிடித்து நின்ற உயர்பாதையை இடிக்க இருந்தபோது, 1999-இல் அந்தப் பகுதிக்காரர்கள் இருவர் சேர்ந்து ஆரம்பித்த அமைப்பு அதைக் காப்பாற்றியது. 2009-இல் முதல் பகுதி பூங்காவாகத் திறந்தது. செடிகள் அழகு, நடை அழகு, கூட்டம் சொல்லி மாளாது. அதே வேகத்தில் இரண்டு பக்கமும் பணக்காரர்களின் அடுக்குமாடிகள் எழும்பின. பக்கத்து அரசுக் குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு இது தங்கள் பூங்கா என்ற எண்ணமே வரவில்லை. இதை வெளியாள் யாரும் குறையாகச் சொல்லவில்லை, ஆரம்பித்த இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்டே, அந்த மக்களுக்குப் பயன்படும்படி செய்வதில் தவறிவிட்டோம் என்று 2017-இல் ஒத்துக்கொண்டார். எப்படி இருக்க வேண்டும் என்று மட்டுமே அவர்களிடம் கேட்டோம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். பல வருஷம் புகையைக் குடித்தவன், பூங்கா வந்ததும் வாடகை ஏறி ஊரை விட்டே போக நேர்ந்தால் அந்தப் பூங்கா யாருக்கு?

பராமரிப்பு பற்றி ஒரே ஒரு விஷயம். நியூயார்க்கிலேயே பழைய சரக்குத் துறைமேடைகளின் மேல் அமைந்தது புரூக்ளின் பாலப் பூங்கா. துறைமேடைகள் ஆயிரக்கணக்கான மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. துறைமுகத் தண்ணீர் அழுக்காக இருந்த காலத்தில் மரத்தைத் துளைக்கும் கடல் உயிர்கள் அங்கே வாழ முடியவில்லை. சட்டம் வந்து தண்ணீர் சுத்தமானதும் அவை திரும்பி வந்து தூண்களைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. நல்லது செய்ததற்கே ஒரு பில்! அந்தத் தூண்களைக் காப்பது பெரிய செலவு என்று தெரிந்ததால்தான், பூங்கா நிலத்தில் ஒரு சிறு பகுதியில் கட்டடங்களை அனுமதித்து அந்த வருமானத்தில் பராமரிக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாட்டை எதிர்த்தவர்கள் உண்டு, எனக்கும் முழு சம்மதம் இல்லை. ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது. நான் பார்த்த திட்டங்கள் பலவற்றில் நாடா வெட்டும் நாள் வரைக்குமான பணம்தான் இருந்தது. மாசை மூடிய மண்ணை வருஷாவருஷம் நடந்து பார்த்து எங்கே அரித்திருக்கிறது என்று குறிக்க ஓர் ஆள், கண்காணிப்புக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதிக்க ஓர் ஆள், இவர்களுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு பூங்காவின் படம் உங்கள் மேஜைக்கு வந்தால், போர் போட்ட இடங்களைக் குறித்த வரைபடத்தையும் கேட்டு வாங்கி அதன் பக்கத்திலேயே அச்சிடுங்கள். எத்தனை இடத்தில் தோண்டினார்கள், எவ்வளவு ஆழம், என்ன கிடைத்தது, எந்த மூலையைத் தோண்டாமல் விட்டார்கள் என்பது அதில் இருக்கும். தோண்டாமல் விட்ட மூலை ஏதாவது இருந்தால், அந்த ஆலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து அங்கே என்ன கொட்டினார்கள் என்று உங்கள் நிருபரை விசாரிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

இப்படிக்கு,
மண் பரிசோதனைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்